மூளைக்கு ஓய்வும் விளையாட்டும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. கை முறிந்தால் கட்டுப் போடலாம்; கால் சுளுக்கினால் எண்ணெய் தேய்க்கலாம். தலையிலே அடிபட்டால் மாத்திரம் வீடு முழுவதும் கலங்கி விடுகின்றது. புறத்தே காயம் ஒன்றும் இல்லை, இரத்தம் சிந்தவில்லை, ஆயினும் அடிபட்டவன் தலை சுற்றுகின்றது என்கிறான், வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறான், சற்று முன் சொன்னதை மறந்துவிடுகிறான். இதனையே வைத்தியர்கள் மூளையதிர்ச்சி என்று கூறுவர்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரை; மேற்கே சூரியன் படும் படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் வாழும் மக்களுக்குத் தலையில் அடிபடும் சந்தர்ப்பங்கள் குறைவானவையல்ல. எழுவான்கரையின் தென்னந் தோப்புகளிலே முற்றிய தேங்காய் ஐம்பது அறுபது அடி உயரத்திலிருந்து விழுகின்றது. பப்புவா நியூகினியின் மாகாண வைத்தியசாலை ஒன்றிலே நான்கு ஆண்டுக்காலம் காயங்களுக்காகச் சேர்க்கப்பட்டோரை ஆராய்ந்த பீற்றர் பார்ஸ் என்னும் வைத்தியர், அவர்களுள் நூற்றுக்கு 2.5 பேர் தேங்காய் விழுந்து காயமுற்றோர் என்று 1984 ஆம் ஆண்டிலே எழுதினார். படுவான்கரையிலோ உழவு இயந்திரமும் வயல்வெளிப் பாதையும் உண்டு. 2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்திலே நாள்தோறும் விரையும் மோட்டார் சைக்கிள்களை யாவரும் அறிவர். பாடசாலை மைதானத்திலே கிரிக்கெட் பந்தும் எல்லே மட்டையும் தலையைத் தேடி வருவதுண்டு.

அடிபட்டவன் வீடு திரும்பியதும் ஒரு வினா எழுகின்றது. அவனுடைய மூளையை என்ன செய்வது? இருட்டறையிலே படுக்க வைத்து, படிப்பையும் பேச்சையும் விளையாட்டையும் நிறுத்திவிடுவதா? அன்றி, மனம் சோர்ந்து போகாதபடி ஏதேனும் ஓர் ஆட்டத்திலே ஈடுபடுத்துவதா? முதியோர் ஒன்று சொல்வர். இளையோர் மற்றொன்று சொல்வர். வைத்திய உலகமும் இவ்வினாவுக்கு ஒரே விடையை என்றும் கூறியதில்லை. அதன் விடை காலந்தோறும் மாறி வந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

தலைக்காயம் பற்றிய மிகப் பழைய வைத்திய ஏடு எகிப்து நாட்டிலே கிடைத்தது. எட்வின் சிமித் என்னும் அமெரிக்கர் 1862 ஆம் ஆண்டிலே லுக்சோர் நகரத்தில் வாங்கிய அந்தப் பப்பிரசுச் சுருள், கிறித்துவுக்கு முன் 1600 ஆம் ஆண்டளவிலே எழுதப்பட்டதாகும். அதிலே 48 நோயாளரின் காயங்கள் ஒழுங்குபட விவரிக்கப்பட்டுள்ளன, பெரும்பாலானவை தலைக்காயங்களே. ஒவ்வொன்றையும் சோதித்த பின்னர், இது யான் தீர்க்கக்கூடியது, இது யான் போராடவேண்டியது, இதற்கு யான் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்னும் மூவகையுள் ஒன்றாக அதன் ஆசிரியர் வகுத்திருப்பது வியப்புக்குரியது. நமது பரத கண்டத்திலே சுசுருதர் உடம்பிலுள்ள மர்மங்கள் 107 என்று எண்ணி, அவற்றுள் 37 மர்மங்கள் கழுத்திலும் அதற்கு மேலும் உள்ளன என்று கூறினார். கழுத்திலும் சிறிய தலையிலும் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட மர்மங்கள் அடங்கியுள்ளன என்பதே அக்கூற்றின் பொருள்.

ஆயினும், மூளையிலே கிழிவும் முறிவும் இல்லாமல் அதன் தொழில் மாத்திரம் சிறிது காலம் குழம்பக்கூடும் என்ற தெளிவு பின்னரே உண்டாயிற்று. அதனை முதலில் பிரித்துக் கண்டவர் பாரசீக நாட்டு வைத்தியப் பேரறிஞரான அல் ராசி எனக் கருதுவர். அவர் 865 முதல் 925 வரை வாழ்ந்தவர். மிலான் நகரத்து லான்பிராங்கு என்பவர் 1296 ஆம் ஆண்டிலே நிறைவு செய்த சத்திர வைத்திய நூலில், மூளை அதிர்ந்து அதன் தொழில் தற்காலிகமாக நின்று மீண்டும் தொடங்கும் நிலையை எடுத்துரைத்தார். பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வைத்தியர் அம்புறோஸ் பாரே அந்நிலையை மூளையின் கலக்கம் என்றே குறிப்பிட்டார்.

மூளை கலங்கியது என்றால் அதனைத் தெளிய விடவேண்டும். கலங்கிய நீரைக் குழப்பாமல் வைத்தால் தெளியும் அன்றோ? இந்த எண்ணமே ஓய்வு என்னும் சிகிச்சைக்கு அடிப்படையாயிற்று. ஓய்வு நல்லது என்பதிலே எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. எவ்வளவு ஓய்வு, எத்தனை நாள் ஓய்வு என்பதிலேதான் தவறு நேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்புக் காயமுற்ற போர்வீரருக்குச் சிகிச்சை செய்து புகழ் பெற்ற வைத்தியர் சைலஸ் வெயர் மிச்செல் என்பவர். அவர் நரம்புத் தளர்ச்சிக்கென ஓய்வுச் சிகிச்சை ஒன்றை வகுத்து, 1877 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். நோயாளி வாரக்கணக்கிலே கட்டிலில் கிடத்தல் வேண்டும். வாசித்தலும் எழுதுதலும் தைத்தலும் ஆகா. நிறைய உண்ணல் வேண்டும். சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்னும் எழுத்தாளர் 1887 ஆம் ஆண்டிலே அவரிடம் சிகிச்சை பெற்றார். பேனாவைத் தொடாதே என்ற கட்டளையோடு வீடு திரும்பிய அப்பெண்மணி, தாம் பித்துப் பிடிக்கும் எல்லை வரை சென்றதாகப் பின்னர் கூறினார். அவ்வனுபவத்திலிருந்து பிறந்ததே 1892 ஆம் ஆண்டிலே வெளிவந்து இன்றும் படிக்கப்படும் மஞ்சள் சுவர்த்தாள் என்னும் சிறுகதை. அவரது நோய் மூளையதிர்ச்சி அன்று. ஆயினும், வேலையின்றி அடைத்து வைக்கப்பட்ட மனம் தன்னைத்தானே தின்னத் தொடங்கும் என்ற உண்மை எல்லா நோயாளருக்கும் பொதுவானதே.

படுக்கையின் பெருமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே குறையத் தொடங்கிற்று. 1947 ஆம் ஆண்டிலே இலண்டன் வைத்தியர் றிச்சட் ஆஷர் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில், படுக்கைக்குச் செல்வதன் அபாயங்கள் என்னும் கருத்திலே ஒரு கட்டுரை எழுதினார். கட்டிலிலே கிடப்பதனால் இரத்தம் உறையும், தசை மெலியும், எலும்பு சுண்ணச்சத்தை இழக்கும், மனம் சோரும் என்று அவர் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக் காட்டினார்.

இதற்கிடையே இரண்டாவது உலக மகாயுத்தம் தலைக்காய வைத்தியத்திலே பெரியதொரு மாற்றத்தை உண்டாக்கியது. அரேபியப் பாலைவனப் போரினாற் புகழ் பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் என்பவர் 1935 ஆம் ஆண்டு மே மாதத்திலே மோட்டார் சைக்கிள் விபத்திலே தலையில் அடிபட்டு, ஆறு நாட்களின் பின் இறந்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியருள் ஒருவர் அவுஸ்திரேலியாவிலே பிறந்த ஹியூ கெயார்ன்ஸ். அம்மரணம் அவர் மனத்தை உறுத்திற்று. அவர் செய்த ஆராய்ச்சி 1941 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதன் பயனாகப் பிரித்தானியப் படையின் மோட்டார் சைக்கிள் வீரர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. இன்று நம் வீதிகளிலே தலைக்கவசம் அணிவோர் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவர் எனலாம். யுத்த காலத்திலே ஒக்ஸ்போட் நகரத்துக் கல்லூரி ஒன்றைத் தலைக்காய வைத்தியசாலையாக மாற்றி நடத்தியவரும் அவரே.

அதே காலத்திலே, ருசிய நாட்டின் ஊரல் மலைப் பகுதியிலே, அலெக்சாந்தர் லூரியா என்னும் உளவியலறிஞர் மூளைக்காயமுற்ற வீரருக்கென ஒரு மருத்துவ நிலையத்தை நடத்தி வந்தார். மூளையின் ஒரு பகுதி சிதைந்தாலும், எஞ்சிய பகுதிகளைப் புதிய வழியிலே இணைத்துத் தொழிற்படச் செய்யலாம் என்பது அவர் கொள்கை. அதனை 1948 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். 1943 ஆம் ஆண்டிலே குண்டடிபட்ட இளைஞன் ஒருவன், தான் எழுதியதைத் தானே வாசிக்க இயலாத நிலையிலும், பல ஆண்டுகளாக நாளுக்குச் சில வரிகளாக எழுதி ஏறத்தாழ 3000 பக்கங்களை நிரப்பிய வரலாற்றையும் லூரியாவே உலகுக்குக் கூறினார். கடுங்காயமுற்ற மூளையும் பயிற்சியை நாடுகின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி விளையாட்டின் பக்கம் திரும்புவோம். நோயாளருக்கு விளையாட்டு என்பது நேற்றைய புதுமை அன்று. ஸ்பானிய நாட்டிலே கஸ்தில்லிய அரசனான பத்தாம் அல்பொன்சோ 1283 ஆம் ஆண்டிலே செவில் நகரத்தில் நிறைவு செய்வித்த விளையாட்டு நூல் ஒன்று உண்டு. துன்பங்களைத் தாங்குவதற்காகவே இறைவன் மனிதருக்கு இன்பங்களை அருளினான் என்றும், இருந்தபடி ஆடும் ஆட்டங்கள் முதியோர், நலிந்தோர், சிறைப்பட்டோர், கடலிற் செல்வோர் ஆகிய அனைவருக்கும் இரவும் பகலும் உதவும் என்றும் அதன் முன்னுரை விளக்குகின்றது. அந்நூலிலே முதலிடம் பெற்ற சதுரங்கமோ பரத கண்டத்திலே தோன்றிப் பாரசீகர் வழியாகவும் அராபியர் வழியாகவும் ஸ்பெயினை அடைந்தது.

நம் நாட்டிலும் இருந்தாடும் ஆட்டங்களின் தொன்மை பெரிது. இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திலே பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909 ஆம் ஆண்டிலே வெளியிட்ட புராதன இலங்கை பற்றிய நூலிலே, நாட்டின் விளையாட்டுகளுக்கெனத் தனியிடம் ஒதுக்கினார். மிகிந்தலைக் கற்களிலே செதுக்கப்பட்ட ஆட்டக் கோடுகளை அவர் கண்டு குறித்தார். சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டிலே குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெளியவும் நமது பல்லாங்குழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பம் மலாய் நாடு முதல் ஆபிரிக்கா வரை பரந்துள்ளது.

மட்டக்களப்பின் விளையாட்டுகளை நோக்கினால், அவை இரு வகையாகப் பிரிந்து நிற்கக் காணலாம். முதல் வகை ஊர்கூடி ஆடுவது. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டிலே ஊரவர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி இழுப்பர். போர்த்தேங்காய் அடித்தலிலே தேங்காயோடு தேங்காயை மோத விடுவர். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 ஆம் ஆண்டிலே வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூல் இப்பிரதேசத்தின் வாழ்வையும் வழக்காறுகளையும் திரட்டித் தருவது. இத்தகைய விளையாட்டுகளின் பெருமையை அறிய விரும்புவோர் அதனைப் படித்தல் நன்று. இவை உடல் வலிமைக்கும் ஊர் ஒற்றுமைக்கும் உரியவை. தலையில் அடிபட்டவன் எட்டி நிற்கவேண்டியவை.

இரண்டாம் வகை திண்ணையிலே இருந்து ஆடுவது. பல்லாங்குழியிலே பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ காய். ஒரு குழியின் காய்களை எடுத்து ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் கைக்குக் கண்ணும் கணக்கும் துணை நிற்கவேண்டும். தாயத்திலே சோழியை உருட்டி, விழுந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்தல் வேண்டும். ஆடுபுலி ஆட்டத்திலே மூன்று புலிகள் ஒருபுறம், பதினைந்து ஆடுகள் மறுபுறம். ஆடுகள் கூடிப் புலியை மடக்கவேண்டும். எண்ணுதல், நினைவில் வைத்தல், முன்னோக்கிச் சிந்தித்தல் என்னும் மூன்றையும் இவ்வாட்டங்கள் மூளைக்கு மெல்ல மெல்ல அளிக்கின்றன. இவற்றிலே ஒளி மின்னுவதில்லை, ஓசை அதிர்வதில்லை, எதிரே இருப்பவர் ஒரு மனிதர், ஆட்டத்தை எந்நேரத்திலும் நிறுத்தி எழலாம். கைப்பேசியிலும் கணினியிலும் இன்று பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அவற்றிலே ஒளியும் ஓசையும் வேகமும் இடைவிடாது தாக்குகின்றன. நிறுத்த நினைத்தாலும் அடுத்த படி, அடுத்த பரிசு என்று அவை ஆடுவோனை இழுத்துச் செல்கின்றன.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, அண்மைக்கால வைத்திய வரலாற்றை நோக்குவோம். விளையாட்டு வீரரின் மூளையதிர்ச்சி பற்றி ஆராயும் உலக மகாநாடுகள் 2001 ஆம் ஆண்டிலே வியன்னாவில் தொடங்கின. 2004 ஆம் ஆண்டிலே பிராக் நகரத்திற் கூடிய இரண்டாம் மகாநாடு, உடலுக்கு மாத்திரமன்றி அறிவுக்கும் ஓய்வு வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தது. 2008 ஆம் ஆண்டிலே சூரிச் நகரத்திற் கூடிய மூன்றாம் மகாநாடு, பாடசாலை வேலை, வீடியோ விளையாட்டு, கைப்பேசிச் செய்தி முதலியவற்றைக் கட்டுப்படுத்தல் வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறிற்று. அறிவுரை நல்ல நோக்கமுடையது. ஆயினும் நடைமுறையிலே அது பல இடங்களிலே இருட்டறையாக மாறிற்று. அறிகுறி முழுவதும் நீங்கும் வரை வாசிக்காதே, பேசாதே, நண்பரைக் காணாதே என்று நாட்கணக்காக, சில வேளை வாரக்கணக்காக, பிள்ளைகள் ஒதுக்கி வைக்கப்பட்டனர்.

அவ்வாறு ஒதுங்கியிருக்க நேர்ந்தவருள் ஒருவர் அமெரிக்கப் பெண்மணி ஜேன் மக்கொனிக்கல். விளையாட்டுகளை வடிவமைப்பதே அவர் தொழில். 2009 ஆம் ஆண்டிலே தலையில் அடிபட்ட அவருக்கு, வாசித்தல், எழுதுதல், வேலை, வீடியோ விளையாட்டு ஆகிய யாவும் விலக்கப்பட்டன. தலைவலி ஓயவில்லை, மனமோ வாழ்வை வெறுக்கும் நிலையை அடைந்தது. அப்பொழுது அவர் தம் நோயையே ஒரு விளையாட்டாக அமைத்தார். தலைவலியைத் தூண்டும் வெளிச்சமும் இரைச்சலும் பகைவர். ஒவ்வொரு நாளும் செய்யக்கூடிய சிறு நற்செயல் ஒரு வெற்றி. உடன்பிறந்தாளும் கணவரும் துணைவர். சில நாட்களிலேயே மனச்சோர்வு விலகியதாகவும், தலைவலி மாத்திரம் நீண்ட காலம் தொடர்ந்ததாகவும் அவர் கூறுகின்றார். இதிலே நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அவர் திரையின் முன் அமர்ந்து ஆடவில்லை. விளையாட்டிலுள்ள குறிக்கோள், துணை, சிறு வெற்றி என்பவற்றையே எடுத்துத் தம் அன்றாட வாழ்விலே பொருத்திக்கொண்டார்.

ஒருவர் அனுபவம் எல்லார்க்கும் விதியாகாது. ஆகவே, ஆராய்ச்சிகள் கூறுவதையும் கேட்போம். 2014 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையினர் 335 பேரைத் தொடர்ந்து நோக்கினர். அறிவு வேலையைச் சிறிதும் குறைக்காது முழு அளவிலே செய்தவர்களே குணமடைய நெடுநாள் எடுத்தனர். அளவோடு குறைத்தவர்களுக்கும் மிகக் குறைத்தவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கவில்லை. 2015 ஆம் ஆண்டிலே மில்வோக்கி நகரத்து வைத்தியர் டானி தோமஸ் என்பாரும் குழுவினரும், 11 முதல் 22 வயது வரையுள்ளோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் கடும் ஓய்வும், மற்றப் பிரிவினருக்கு ஓரிரு நாள் ஓய்வின் பின் படிப்படியான இயக்கமும் விதித்தனர். இறுதி வரை நின்ற 88 பேருள், கடும் ஓய்வு பெற்றவர்களே அதிக அறிகுறிகளைக் கூறினர். அவர்கள் குணமடையவும் தாமதமாயிற்று. 2016 ஆம் ஆண்டிலே கனடாவில் 2413 பிள்ளைகளை ஆராய்ந்தபோது, முதல் வாரத்துக்குள் உடலை அசைத்து இயங்கத் தொடங்கியோரிடையே நீடித்த அறிகுறிகள் குறைவாகவே காணப்பட்டன.

அங்ஙனமாயின், கைப்பேசியை உடனே கையிற் கொடுத்துவிடலாமோ? அன்று. 2021 ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வு அதற்கு விடை கூறுகின்றது. 12 முதல் 25 வயது வரையான 125 பேருள் ஒரு பிரிவினர் முதல் 48 மணித்தியாலம் திரையைத் தவிர்த்தனர். மற்றப் பிரிவினருக்குத் தடை இருக்கவில்லை. தவிர்த்தவர்கள் குணமடைந்த நடு அளவுக் காலம் 3.5 நாள், தவிர்க்காதவர்களுக்கோ 8 நாள்.

இவை யாவற்றையும் ஆராய்ந்து, 2022 ஆம் ஆண்டிலே அம்ஸ்ரடாம் நகரத்திற் கூடிய ஆறாம் மகாநாடு தன் முடிபைத் தெரிவித்தது. முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வு. அந்நாட்களிலே திரையைக் குறைத்தல். மெல்லிய நடையும் வீட்டு அலுவல்களும் ஆகும். அதன்பின் வாசித்தல் முதலியவற்றை ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் எனத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுதல். பின்னர் வீட்டிலே பாட வேலை, அடுத்து அரை நாட் பாடசாலை, இறுதியிலே முழுநாட் பாடசாலை. அறிகுறி சிறிது கூடினால் அஞ்சவேண்டியதில்லை. பத்துக்கு இரண்டு அளவுக்குமேற் கூடினால், அல்லது ஒரு மணித்தியாலத்துக்குமேல் நீடித்தால், ஒரு படி இறங்கல் வேண்டும். கடும் ஓய்வு என்னும் கொள்கையை உலக வைத்தியர்கள் இவ்வாறு கைவிட்டனர்.

நேயர்களே, இவ்வரலாறு வைத்தியசாலையோடு முடிவதன்று. பாடசாலையின் வாயிலுக்கும் வருகின்றது. அதிபராக யான் கண்ட ஒன்றைக் கூறுகின்றேன். படுவான்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவன் ஒருவன் துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். வைத்தியர்கள் சோதித்து, ஆபத்தில்லை, ஓய்வு கொடுங்கள் என்று அனுப்பினர். தகப்பனாருக்கோ அடுத்த ஆண்டு வரவிருந்த க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக் கவலை. மூன்றாம் நாளே தனியார் வகுப்புக்கு அனுப்ப எண்ணினார். பிள்ளைக்கோ கைப்பேசி வேண்டும். இருவருக்கும் நடுவே நின்றவர் அவனுடைய பெத்தா. அவர் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்தார். முதல் நாள் சில சுற்று ஆடியதும் பையன் கணக்குத் தவறித் தலையைப் பிடித்துக்கொண்டான். பெத்தா பலகையை மூடிவிட்டார். நாளடைவிலே ஆட்டத்தின் நேரம் நீண்டது, தவறும் குறைந்தது. முதலில் அரை நாளும் பின்னர் முழு நாளுமாக அவன் பாடசாலைக்குத் திரும்பினான். பல்லாங்குழி அவனைக் குணமாக்கியது என்று யான் கூறவரவில்லை. காலமும் இளமையுமே குணமாக்கின. ஆயினும், எவ்வளவு தாங்குவான் என்பதை ஒரு முதியவர் நாள்தோறும் அருகிருந்து கண்டறிந்தார். நிறுத்த வேண்டிய நேரத்திலே நிறுத்தினார். பையனும் தனிமையிலே வாடவில்லை.

இங்கே சில எச்சரிக்கைகளைக் கூறாது விடுதல் தகாது. தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால், தலைவலி மேலும் மேலும் கூடினால், எழுப்ப முடியாத தூக்கம் வந்தால், வலிப்பு ஏற்பட்டால், பேச்சுக் குழறினால், கை கால் ஒருபுறம் தளர்ந்தால், கண்மணிகள் அளவிலே வேறுபட்டால், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிந்தால், திண்ணை ஆட்டமும் வீட்டு வைத்தியமும் பேசிக்கொண்டிருத்தலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அறிகுறி நீங்காத பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புதல் பெருந்தவறு. முதலடி ஆறுமுன் இரண்டாம் அடி பட்டால் விளைவு கொடியதாகலாம். பந்தும் மட்டையும் வைத்தியர் அனுமதித்த பின்னரே ஆகும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யத்தக்கவை எளியனவே. திரும்பி வந்த மாணவனுக்கு இரைச்சல் குறைந்த இடத்தையும் இடையிடையே ஓய்வையும் கொடுங்கள். சில வாரங்களுக்கு வீட்டுப் பாடத்தைக் குறையுங்கள். பரீட்சையைப் பிற்போடக் கூடுமாயின் பிற்போடுங்கள். வெளியே காயம் தெரியாததனால், அவன் நடிக்கிறான் என்று மட்டும் கூறாதீர்கள். கட்டுப் போட்ட கையைக் கண்டு இரங்கும் வகுப்பறை, கட்டுப் போட முடியாத மூளையைக் கண்டு நகைக்கலாகாது. அந்நகைப்புக்கு அஞ்சி அறிகுறியை மறைக்கும் மாணவனே அடுத்த அடிக்கு ஆளாகின்றான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். ஓய்வு அமிர்தம், அது வாரக்கணக்காக நீண்டு இருட்டறையானபோது நஞ்சாயிற்று என்பதனைக் கில்மன் அம்மையாரின் காலம் முதல் அம்ஸ்ரடாம் மகாநாடு வரையான வரலாறு காட்டுகின்றது. விளையாட்டும் அமிர்தமே, அது திரையின் ஒளியிலே நள்ளிரவு வரை நீளும்போது நஞ்சாகின்றது. இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைக் காண்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அருகிலே ஒருவர் இருத்தல் வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்தல் வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலே தூசி படிந்து கிடக்கும் பல்லாங்குழிப் பலகையை ஒருமுறை இறக்கித் துடைத்து வையுங்கள். நோயாளிக்குத் தேவைப்படுமுன், நலமுள்ள பிள்ளைகள் அதனைப் பெத்தாமாரிடம் கற்றுக்கொள்ளட்டும்.